இரு மதில்களுக்கு நடுவே மாமா

சென்ற வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு மகனின் வகுப்பாசிரியை என் வேலையிடத்துக்கு அழைத்தார். எடுத்த எடுப்பிலேயே, எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்றார். அப்படித் தொடங்கும் அழைப்பைப் போலப் பயமுறுத்துவது வேறொன்றுமில்லை. வகுப்போடு ஒரு பழைய கோட்டையைப் பார்க்கப் போன மகன், கூட்டத்திலிருந்து பிரிந்து இருபது நிமிடம் காணாமற்போயிருக்கிறான். பிறகு வாசலில் நின்ற பொலிஸ்காரரிடம் தானாகவே போய், பெயரையும் பள்ளியையும் சொல்லி, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். மிகச் சரியாக நடந்துகொண்டான், நீங்கள் பெருமைப்படலாம் என்றார் ஆசிரியை. நன்றி சொல்லிவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

நான்கு நாளாகிறது. இன்னும் அவன் மாடிப்படி இறங்கும் சத்தத்தைக் கடைசிப் படிவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். "பிள்ளை கிடைச்சிட்டான்தானே, இன்னும் என்னத்துக்கு நடுங்கிறீர்?" என்று கணவர் கேட்கிறார். கிடைத்துவிட்டான். ஆனால் பொலிஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கோட்டை முற்றத்தைக் கடந்த இன்னொரு பிள்ளையை எனக்குத் தெரியும். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளும் மிகச் சரியாகத்தான் நடந்துகொண்டாள்.

அந்த நாட்களில் நாங்கள் ஒரு சிறிய ஜெர்மன் ஊரில், மூடப்பட்டுப்போன பழைய விடுதி ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்தோம். அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை அங்கேதான் தங்கவைத்திருந்தார்கள். அப்பா, அம்மா, நான் ஓர் அறையில். அம்மாவின் தம்பியான மாமா, இன்னும் மூன்று இளைஞர்களோடு பக்கத்து அறையில். விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை எங்கள் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். தாண்ட வேண்டுமானால் அலுவலகத்துக்குப் போய்க் காரணம் சொல்லி, நாள் குறித்து, ஒரு கடதாசி வாங்க வேண்டும்.

அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. இந்த நாட்டில் ஒவ்வோர் ஊரின் தொடக்கத்திலும் ஒரு மஞ்சள் பலகை நிற்கும். பெரிய எழுத்தில் ஊரின் பெயர், அதன்கீழே சின்ன எழுத்தில் மாவட்டத்தின் பெயர். மற்றவர்கள் பெரிய எழுத்தைப் படிப்பார்கள். நாங்கள் சின்ன எழுத்தைத்தான் முதலில் படிப்போம். மாமா படித்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ, எங்கட ராச்சியந்தான்" என்று அறிவிப்பார். அவருக்குச் சிரிப்பு. அம்மாவுக்குச் சிரிப்பு வராது. மாமா ஏற்கெனவே ஒரு தடவை, கடதாசி இல்லாமல் டோர்ட்மண்டுக்கு ஒரு சிநேகிதனின் கல்யாணத்துக்குப் போய், ரயில் நிலையத்தில் பிடிபட்டு அபராதம் கட்டியவர். இரண்டாம் தடவை பிடிபட்டால் அபராதத்தோடு விடமாட்டார்கள், நீதிமன்ற வழக்காகிவிடும், விண்ணப்பத்தையே அது கெடுத்தாலும் கெடுக்கும் என்று பெரியவர்கள் குசினிக்குள் சமைத்தபடி பேசிக்கொள்வார்கள். எல்லாம் என் காதில் விழுந்தது. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

எங்கள் மாவட்டம் ஓர் ஆற்றோடு முடிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குன்றின்மேல் ஒரு கோட்டை, குன்றின் காலடியில் மதில் சூழ்ந்த பழைய ஊர். வகுப்பில் வாரக்கணக்காக அந்தக் கோட்டையைத்தான் படித்தோம். சுற்றுலாவுக்கு ஒரு புதன்கிழமை குறித்தார்கள். அப்பா எனக்காகக் கடதாசி கேட்டுப் போனார். அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்த டெர்மின், அதாவது சந்திப்பு நாள், அதே வாரம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை எனக்கு வயிற்றுவலி என்று பள்ளிக்குச் சொல்லப்பட்டது. வயிறு வலிக்காமலே நாள் முழுவதும் படுத்திருந்தேன்.

வகுப்பில் எல்லோரும் கோட்டையின் உட்புறத்தைப் படமாக வரைந்து வர வேண்டும் என்றார் ஆசிரியர். எனக்குத் தெரிந்தது வெளிப்புறம் மட்டுந்தான், அதுவும் ஆற்றின் இக்கரையிலிருந்து தெரியும் ஒரு பக்கம். "புத்தகத்தைப் பாத்துக் கீறன்" என்றார் அம்மா. நான் அழுத அழுகை பக்கத்து அறைக்குக் கேட்டிருக்க வேண்டும். மாமா யாழ்ப்பாணத்தில் கட்டடப் படம் வரையப் படித்து, அரைகுறையில் விட்டுவிட்டு ஓடிவந்தவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து, "அக்கா, மருமோளை ஆத்தங்கரைப் பக்கம் ஒருக்கா நடத்திக்கொண்டு வாறன்" என்றார். அம்மா என் தலையை வாரிவிட்டார்.

பாலத்தின் நடுவில் வைத்துத்தான் நாங்கள் எங்கே போகிறோம் என்று மாமா சொன்னார். அக்கரையில் மஞ்சள் பலகை நின்றது. மாமா வழக்கம்போல் கடைசி வரியைப் படித்தார். "இது மற்ற ராச்சியம், மருமோள். ரெண்டு மணித்தியாலம். ராசா நித்திரையால எழும்ப முதல் போட்டு வந்திடுவம்." எனக்குக் கால் தரையில் படவில்லை.

பாலத்தருகே ஒரு விளக்கப் பலகை இருந்தது. மாமாவுக்கு ஜெர்மன் அவ்வளவு வராது, ஆகவே நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். கோட்டையே இந்தப் பாலத்துக்காகத்தான் கட்டப்பட்டதாம். ஆறு இரண்டு பிரபுக்களின் எல்லையாக இருந்ததாம். கடக்கிறவனை நிறுத்தி, யார், எங்கே, ஏன் என்று கேட்டு, வரி வாங்கிய பிறகுதான் விடுவார்களாம்.

"அப்பவும் கடதாசி இல்லாட்டி விடமாட்டினம்போல" என்றார் மாமா.

ஊருக்குள் மரச்சட்டங்களுக்கு இடையே மண் பூசிய வீடுகள். ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிட ஒரு முழம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றதால், தெரு கீழே அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் இருந்தது. வாசல் உத்தரங்களில் கட்டியவன் பெயரும் அவன் மனைவி பெயரும் செதுக்கியிருந்தன. மாமா அண்ணாந்து பார்த்தபடி, "மேல் வீட்டுக்காரி சன்னலால கையை நீட்டி முன் வீட்டில உப்பு வாங்கலாம்" என்றார். பிறகு ஒரு கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டு, சட்டென்று திரும்பினார். நான் கவனித்தேன். கார்களைப் பார்க்க அவருக்கு விருப்பம் என்று நினைத்தேன்.

கோட்டைக்கு ஏறும் பாதை நேராகப் போகவில்லை. மதிலை வலப்பக்கம் வைத்துச் சுற்றிச் சுற்றி ஏறியது. கேடயம் இடக்கையில் இருக்குமாம், ஆகவே வருகிறவனின் காவலில்லாத பக்கம் மதிலைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவாம். முதல் வாசலின் இரு பக்கக் கல்லிலும் மேலிருந்து இரும்புக் கிராதி இறங்கும் காடி, ஒரு நீண்ட பள்ளம், இருந்தது. மாமா அதற்குள் கையை விட்டு ஆழம் பார்த்தார். தலைக்குமேல், எதிரியின்மீது கொதிப்பதை ஊற்ற ஒரு துவாரம். முதல் வாசலைத் தாண்டினாலும் உள்ளே வந்துவிட்டதாகாது. வெளிமதிலுக்கும் உள்மதிலுக்கும் நடுவே ஒரு நீண்ட ஒடுக்கமான வெளி, அதன்பிறகு இரண்டாம் வாசல். முதல் வாசலை உடைத்தவன் இந்த நடுவெளியில் அகப்பட்டுக்கொள்வான், முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது என்று பலகையில் எழுதியிருந்தது. நான் அதை மிகுந்த பெருமையோடு மொழிபெயர்த்தேன்.

மாமா இரண்டு வாசல்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கெட்டிக்காரர்" என்றார்.

முற்றத்தில் ஆழமான கிணறு, அதற்கப்பால் வட்டக் கோபுரம். கோபுரத்தின் கதவு தரையில் இல்லை, மூன்று ஆள் உயரத்தில் இருந்தது. ஆபத்து வந்தால் எல்லோரும் ஏறிக்கொண்டு ஏணியை மேலே இழுத்துவிடுவார்களாம். நான் கிணற்றடியில் குந்தி அதை வரையத் தொடங்கினேன். மாமா இரண்டாம் வாசலடியில் நின்று கல்லின் பொருத்துகளைத் தன் குறிப்புப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தார்.

நான் நிமிர்ந்தபோது மாமாவைக் காணவில்லை.

முதலில் விளையாட்டென்று நினைத்தேன். இப்போது ஏணிக்குப் பதிலாகப் போட்டிருந்த மரப்படியேறிக் கோபுரத்துக்குள் பார்த்தேன். மதில்மேல் நடைபாதையில் ஓடினேன். அங்கிருந்து குனிந்து பார்த்தால் கீழே பாறை. மாமா படம் வரையப் பின்னால் பின்னால் போய் அந்தப் பாறையில் விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். "மாமா!" என்று கத்தினேன். முற்றத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர்களில் யாரும் மாமா இல்லை.

அப்போதுதான் சிற்றுண்டிக் கடை வாசலில் இரண்டு பொலிஸ்காரர்களைக் கண்டேன். பச்சை மேலங்கி, கையில் கோப்பிக் குவளைகள். எனக்கு வந்த ஆறுதலை எழுத முடியாது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் எங்கள் பள்ளிக்கு ஒரு பொலிஸ்காரர் வந்து, சைக்கிள் ஓட்டும் முறையைக் காட்டிவிட்டு, யாராவது தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார். அழக் கூடாது. சீருடைக்காரரிடம் போக வேண்டும். பெயர், முகவரி, தொலைந்தவரின் அடையாளம், கடைசியாகக் கண்ட இடம். நான் நான்கையும் வரிசையாகச் சொன்னேன்.

"யார் தொலைந்தது, நீயா மாமாவா?" என்று மூத்தவர் கேட்டார்.

"மாமா. நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும்."

அவர் சிரித்துவிட்டுக் கோப்பிக் குவளையை வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய, சூடான கை. வெளிவாசலில் நிற்கும் அவர்களுடைய கார் கடை வாசலிலிருந்து தெரிவதாகவும், யாரும் அதைத் தாண்டிப் போகவில்லை என்றும் இளையவர் சொன்னார். நான் யோசித்தேன். கோட்டைக்கு வெளியே போக ஒரே வழி. முற்றத்திலும் இல்லை, வெளியேயும் போகவில்லை என்றால் மீதி இருப்பது ஒரே இடம். அவர்களை இரண்டாம் வாசல் வழியாக நடுவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமா அங்கே இருந்தார். உள்மதிலுக்கு முட்டுக்கொடுத்த ஒரு கல்தூணின் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி. "இந்தா இருக்கிறார்!" என்று தமிழிலும் ஜெர்மனிலும் கத்தினேன். மாமா என்னைப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டார்.

அவரவர் வழியில் போயிருக்கலாம். ஆனால் இளையவர், ஏன் ஒளிந்திருந்தீர்கள் என்று கேட்டு, பதில் வராததால் அடையாளக் கடதாசியைக் கேட்டார். மடித்து மடித்து விளிம்பு கிழிந்த அந்தக் கடதாசியை விரித்து வாசித்தவர், மூத்தவரிடம் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். மூத்தவரின் முகம் மாறியது. கோபம் இல்லை. கோப்பி ஆறிப்போனவரின் முகம் மாதிரி இருந்தது. என் பக்கம் குனிந்து, "ஆற்றைத் தாண்டினால் வேறு மாவட்டம் என்று மாமாவுக்குத் தெரியுமா என்று கேள்" என்றார். இப்போது நினைக்கையில், அந்தக் கேள்வியை அவர் ஒரு கதவைத் திறந்து பிடிப்பதுபோலத்தான் கேட்டார்.

நான் கேட்டேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "தெரியாது எண்டு சொல்லு, மருமோள். பாதை மாறி வந்திட்டம் எண்டு சொல்லு."

எனக்குத் திகைப்பாக இருந்தது. பொலிஸ்காரரிடம் பொய் சொல்லக் கூடாது. அதைவிட, என் மாமா ஒரு மஞ்சள் பலகையைக்கூட வாசிக்கத் தெரியாதவர் என்று இவர்கள் நினைத்துவிடக் கூடாது. என்னிடமிருந்த மிக நல்ல ஜெர்மனில் சொன்னேன்: "அவருக்குத் தெரியும். பாலத்தடியில் வாசித்தார். அவர் எப்போதும் கடைசி வரியை வாசிப்பார்."

மூத்தவர் ஒரு கணம் கண்ணை மூடினார். இளையவர் எழுதத் தொடங்கினார்.

வழக்கு வந்தது. அதற்காக அப்பா வழக்கறிஞரிடம் நாலைந்து தடவை போய்வந்தார். அடுத்த வசந்தத்தில் ஒரு காலை மாமாவின் கட்டிலில் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று இரண்டு மாதத்துக்குப் பிறகு தெரிந்தது. அந்த வழக்கால்தான் போனாரா, எப்படியும் போயிருப்பாரா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் தொலைபேசியில் பேசுகிறோம். நானும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் காரிலேயே எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பாலத்தைத் தாண்டும்போது மாமா என் படத்தை வாங்கி, கோபுரத்தின் கதவு கொஞ்சம் சரிந்திருக்கிறது என்று சொல்லித் திருத்தித் தந்தார். அவர் திருத்தியபிறகு கதவு இன்னும் சரிந்தது.

அம்மா படியிறங்கி ஓடிவந்தார். கார் போனபிறகு, "ஆரடா பொலிசைக் கூப்பிட்டது?" என்று மாமாவிடம் கேட்டார்.

"ஒருத்தரும் கூப்பிடேல்லை, அக்கா. அவங்கள் சும்மா சுத்திக்கொண்டு வந்தவங்கள். நான்தான் மொக்கன் மாதிரி அவங்களுக்கு முன்னால போய் நிண்டிட்டன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான்கு விவரங்களையும் பிசகாமல் சொன்னது நான். அவர் எங்கே இருப்பார் என்று மூளையைப் பாவித்துக் கண்டுபிடித்தது நான். அதையெல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டு, தானே போய் நின்றாராம்.

"பொய், அம்மா!" என்றேன். "நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். நான் கூட்டிக்கொண்டு வராட்டி மாமா இப்பவும் அங்கயேதான் இருந்திருப்பார்!"

அம்மா என்னைப் பார்த்தார். மாமா என் தலையில் கைவைத்து, "ஓம், ஓம், அவதான்" என்றார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.