கட்டை அவிழ்த்த பிறகு

உத்திரமேரூர் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஒரு நாள் காலையில் பத்தாவது படிக்கும் பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கைகள் இரண்டும் துப்பட்டாவால் இறுகக் கட்டப்பட்டு, விரல்கள் வீங்கியிருந்தன.

"அவுத்துடாதீங்கம்மா. ரெண்டு தபா கெணத்தாண்ட ஓடிட்டா. யாரோ கூப்புடறாங்கன்னு சொல்லிக்கினே கீறா," என்றார் அவளுடைய அப்பா. சாலவாக்கத்துப் பக்கம் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர்.

பக்கத்துக் கட்டிலில் பைக் விபத்தில் அடிபட்ட ஒருவர் கிடந்தார். அவரைப் பார்க்க வந்த கூட்டம் இவளை வேடிக்கை பார்த்தது. ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தான். அவனை வெளியே அனுப்பினேன்.

கதவுள்ள அறை என்று எங்களிடம் இருந்தது கட்டுப் போடும் அறை மட்டும்தான். கத்தரி, பாட்டில்கள், சலைன் ஸ்டாண்டு, திரைச்சீலைக் கயிறு எல்லாவற்றையும் வெளியேற்றினோம். உள்ளே பூட்டிக்கொள்ளாமல் இருக்கத் தாழ்ப்பாளையும் கழற்றினோம். அதன் பிறகு, அவளிடம் சொல்லிவிட்டே கட்டை அவிழ்த்தேன். அவள் அடிக்கவில்லை. மூலையில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"நான் செத்துட்டா எல்லாருக்கும் நல்லதாம்."

"இப்பவும் கேக்குதா?"

"நீங்க பேசசொல்ல கொஞ்சம் கம்மியா கீதுக்கா."

அதனால் பேசிக்கொண்டே இருந்தேன். நான் வரும் டவுன் பஸ், காலையில் தீய்ந்துபோன தோசை என்று வாயில் வந்ததை எல்லாம். டியூட்டி டாக்டர் தரையில் உட்கார்ந்து அவளிடம் விசாரித்தார். பிறகு பெரிய ஆஸ்பத்திரியின் மனநல டாக்டருக்குப் போன் செய்தார். இந்த வயதுப் பிள்ளைக்கு அங்கே கட்டில் காலியாகும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

கூட வந்திருந்த அவளுடைய அம்மா என்னை வெளியே இழுத்தார். "பைத்தியம்னு பேரு வந்துட்டா யாரும்மா கட்டிக்குவான்? வூட்டுக்கே இட்டுகினு போய்டறோம்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இன்னிக்கு இவளைத் தனியா வுட்டா உயிரு நிக்காது," என்றேன்.

மத்தியானம் விபத்தில் அடிபட்டவர் இறந்துபோனார். அவருடைய மனைவி அலறிய சத்தம் கதவைத் தாண்டி வந்தது. மூலையில் இருந்த பெண் எழுந்து நின்றாள்.

"நான் சாவலன்னு அவரை சாவடிச்சிட்டாங்களா?"

இல்லை என்று சொல்வதற்குள் கதவை நோக்கிப் பாய்ந்தாள். நான் குறுக்கே நின்றேன். என் முன்கையைக் கடித்தாள். உள்ளே இருந்த அவள் அப்பா பின்னாலிருந்து அணைத்து, அப்படியே அவளோடு தரையில் சரிந்து அழுதார். டாக்டர் ஊசியைக் காட்டி, எதற்கென்று சொல்லிவிட்டே போட்டார்.

கண் சொருகும்போது, "மறுபடி கட்டுவீங்களா?" என்றாள்.

"மாட்டோம்."

சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்து ஆம்புலன்ஸ் வந்தது. கட்டாமல்தான் ஏற்றினோம். வழியில் எப்படியோ, எனக்குத் தெரியாது.

சில மாதங்கள் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பாவைப் பார்த்தேன். கேட்கவே பயமாக இருந்தது.

"மாத்திரை போட்டுக்கினு கீறா. ஸ்கூலுக்குப் போவல. சொந்தக்காரங்க யாரும் வூட்டாண்ட வர்றதில்ல. கெணத்த மூடிட்டேம்மா," என்றார்.

பஸ் வந்ததும் ஏறிப்போனார்.