நாலாம் இடத்துக்குப் போகாத பந்து

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், பகல் ஷிப்ட் முடிந்ததும் பெண்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. கல்லூரியில் ஆடியதற்காகத்தான் ஸ்டோர்ஸில் இந்த நிரந்தர வேலையே கிடைத்தது. ஊரை விட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அறை. சமைப்பது ஒருவேளைதான்.

ஆட வரும் பெண்கள் எல்லோரும் காண்ட்ராக்ட் ஆட்கள். தங்களுக்குள் அக்கா என்றும் வாடி போடி என்றும் கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்கு மட்டும் ‘மேடம்’. பயிற்சி முடிந்ததும் கேட் எதிரில் கும்பலாக நின்று டீ குடிப்பார்கள். நான் வலையை அவிழ்த்து, பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கடையைத் தாண்டி நடப்பேன். என்னைக் கண்டதும் பேச்சு நிற்கும். நாலடி தள்ளிப் போனதும் மறுபடி தொடங்கும்.

போன வருடம், ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் ஒருத்தி சேர்ந்தாள். இருபத்தாறு வயது, கைக்குழந்தைக்காரி, டீமிலேயே உயரம். உயரத்தை மட்டும் பார்த்து அவளை ஸ்மாஷ் அடிக்க வைத்தேன். இரண்டு மாதம் எகிறி எகிறி வலையிலேயே அடித்தாள். ஒரு நாள் யாரோ தாறுமாறாக எடுத்த பந்து அவள் தலைக்கு மேல் வந்தது. விரல்களால் வாங்கிச் சத்தமே இல்லாமல் பக்கத்தில் இருந்தவளுக்கு அனுப்பினாள். காற்றில் அது கொஞ்சமும் சுழலவில்லை. நானும் ஒரு காலத்தில் பந்து தூக்கிக் கொடுக்கும் வேலையைத்தான் செய்தேன். அந்தக் கை எல்லோருக்கும் வாய்க்காது.

“நாளையிலேர்ந்து நீ செட்டர்” என்றேன்.

“அது இன்னா வேல மேடம்?”

“ரெண்டாவது பந்து எப்பவும் உன்னோடது. எங்க வந்தாலும் ஓடிப்போய், அடிக்கிறவளுக்கு வாகா தூக்கிக் குடுக்கணும். கைதட்டு அவளுக்குப் போயிடும்.”

கொஞ்சம் யோசித்தாள். “ஊட்லயும் அப்டித்தான் மேடம்” என்றாள்.

கனமான கூடைப்பந்தைக் கொடுத்து அவள் விரல்களுக்குப் பலம் ஏற்றினேன். பந்துக்குக் கீழே முதலில் கால் போக வேண்டும், அப்புறம்தான் கை என்பதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியது. கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது பார்வை. உன் ஆட்கள் எப்படி ஓடி வருகிறார்கள், யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருக்கு இன்றைக்குப் பந்து வேண்டாம் என்று கவனி என்றேன். தலையாட்டினாள்.

கம்பெனிகளுக்கிடையிலான போட்டி திருவள்ளூரில் நடந்தது. அரையிறுதியில் ஆளுக்கொரு செட். எங்கள் அணியில் ஓங்கி அடிக்கக்கூடியவள் இடதுபக்கம், நாலாம் இடத்தில் நின்றாள். அவளுக்கு நேர் எதிரே தடுக்க நின்ற பெண் குள்ளம். டைம் அவுட் கேட்டு, “எல்லாப் பந்தையும் நாலுக்குக் குடு” என்றேன். செட்டர் சரி என்றாள். ஆனால் அடுத்த பந்தை நடுவில் நின்றவளுக்குக் கொடுத்தாள். அதற்கடுத்ததும் நடுவுக்கே. மூன்றாவதை எதிரணி சுவர்போல் தடுத்து எங்கள் பக்கமே விழவைத்தது.

அவளை வெளியே எடுத்தேன்.

“நான் சொன்னது காதுல விழலையா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால் பட்டையைக் கழற்றினாள். மாற்றாக இறங்கியவள் நான் சொன்னபடியே செய்தாள். நாலாம் இடத்துப் பெண் முதல் பந்தை லேசாகத் தட்டி மட்டும் விட்டாள். இரண்டாவதற்கு எகிறி ஓங்கி அடித்தாள். கீழே வந்ததும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். தோற்றோம். திரும்பும்போது வேனில் நான் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் இருந்தேன். அடுத்த வாரப் பயிற்சியைப் பற்றி ஏதோ சொன்னேன். பின்னால் யாரோ ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள்.

செட்டர் அந்த வாரம் மைதானத்துக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஆரம்பாக்கம் போனேன். இத்தனை வருடத்தில் அவர்களில் ஒருத்தி வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“அந்த அக்காவுக்கு ஒரு மாசமா தோளு வலி மேடம்” என்றாள். “கையத் தூக்க முடியல. தலைகூட நான்தான் வாரி உடறேன். அதான் அவங்களுக்குப் பந்து குடுக்கல.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“அடுத்த மாசம் காண்ட்ராக்ட் போடணும். வலின்னு தெரிஞ்சா எடுப்பாங்களோ மாட்டாங்களோன்னு அக்காக்கு பயம். நீங்க கம்பெனி ஆளுதான மேடம்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். “எல்லாருக்கும்.”

எனக்குத் தண்ணீர் வேண்டும்போல் இருந்தது. ஆனால் கேட்கவில்லை. தப்பு என்மேல்தான் என்றேன். “அத்த உடுங்க மேடம்” என்றாள். பிறகு, “நான் வந்த புதுசுல உங்களுக்கும் சேத்து ஒரு டீ சொல்லுவாங்க. நீங்க தலைய குனிஞ்சிக்கினு போயிடுவீங்க. அப்பறம் சொல்றதில்ல” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அடுத்த வாரம் லீவு போட்டு, தோள் வலிக்காரியைத் திருவள்ளூரில் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். கம்பெனியில் மூச்சு விடவில்லை. இரண்டு மாதம் பந்தைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். காண்ட்ராக்ட் போட்டபோது அவள் பெயர் இருந்தது. செட்டரின் பெயர் இல்லை. ஏன் என்று நான் போய்க் கேட்டேன். ஆள் அதிகம் என்றார்கள்.

அவள் இப்போது காட்டுப்பள்ளி பக்கம் வேலைக்குப் போகிறாள். எப்போதாவது போன் செய்வாள். அங்கே மைதானம் ஒன்றும் இல்லையாம். மாலையில் பஸ்ஸைப் பிடிக்கவே நேரம் சரியாக இருக்கிறதாம். குழந்தை பேச ஆரம்பித்துவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களில் அந்த மாதிரிக் கை இன்னும் தென்படவில்லை. இப்போதைக்கு விசிலைக் கழற்றிவைத்துவிட்டு நானே வலையோரம் நின்று அவர்களுக்குத் தூக்கிக் கொடுக்கிறேன். முழங்கால் வலிக்கிறது. ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன்.