மேற்கில் ஆடிய முள்

குளுவாங் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி. செம்பனைக்கு நடுவே வெட்டவெளி, அதில் ஒரு வெள்ளைக் கூம்பு. விமானங்களுக்குத் திசை சொல்லும் வானொலி நிலையம். சந்திரமதி பதினோரு வருடமாக அங்கே டெக்னீஷியன்.

கூம்பு இரண்டு அலைகளை அனுப்பும். ஒன்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. மற்றது சுற்றிவரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, நிலையத்துக்கு எந்தத் திசையில் இருக்கிறோம் என்று விமானி தெரிந்துகொள்வார். மேகத்துக்குள்ளும் விமானத்திலுள்ள கருவியின் முள் அதைக் காட்டிவிடும்.

சென்ற மாதம் நிலையத்தைச் சரிபார்க்கும் சோதனை விமானம் வந்தபோது மேற்கே முள் ஆடியது. வியாழக்கிழமை மறுபடி வருவார்கள். அப்போதும் ஆடினால், மேற்குத் திசையை நம்ப வேண்டாம் என்று எல்லா விமானிகளுக்கும் அறிவிப்பு போய்விடும். அவள் பொறுப்பில் அப்படி நடந்ததில்லை.

இரண்டு வாரம் மழை. குனிந்த தலையோடு உள்ளே போய்க் கருவியைப் பிரித்தாள், மாட்டினாள். பழுது கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை வெயில் வந்தது. காலையில் வண்டியை நிறுத்தும்போது மேற்கிலிருந்து வெளிச்சம் கண்ணில் அடித்தது. வேலிக்கு அப்பால் ஐயாசாமியின் ஆட்டுக் கொட்டகை. புதுத் தகரக் கூரை.

வெளிச்சம் திரும்பினால் அலையும் திரும்பும். நேராகப் போகும் அலையோடு, தகரத்தில் பட்டுத் திரும்பும் அலையும் கலந்துவிடும். முள் வேறென்ன செய்யும்?

"அலமாக்! என் ஆடு பிளேன மறிக்குதா?" என்று வியந்தார் ஐயாசாமி, அவள் போய் விஷயத்தைச் சொன்னதும்.

"ஆடு இல்ல அங்கிள், தகரம். எடுத்திருங்க."

"மழக்காலம் லா. குட்டி நனஞ்சா நீ வந்து தொடைப்பியாம்மா?"

"அத்தாப்பு ஓலைக் கூரை போடலாம். ஓலையில அலை திரும்பாது. நானே வந்து கட்டறேன்."

"ஏணி ஏறுவியா?"

"அந்தக் கூம்பு மேல யாரு ஏறுறாங்கன்னு நெனச்சீங்க?"

அவர் சிரித்துவிட்டு ஏணியைத் தேடப் போனார்.

புதன்கிழமை லீவு போட்டாள். லாரியில் ஓலை வந்தது. மழைக்கு முன் தகரம் இறங்கி, அத்தாப்பு ஏறியது.

வியாழன் பத்து மணிக்கு விமானம் மேற்கே இரண்டு முறை போய்வந்தது. கையிலிருந்த வானொலியில் விமானியின் குரல்: முள் நேராக நிற்கிறது.

வேலியோரம் ஐயாசாமி காத்திருந்தார்.

"என்னா, என் ஆடு பாஸா?"

"பாஸ் அங்கிள்."

"குட்டிங்க சத்தம் போடாம நின்னுச்சுங்க. அதான்."

இப்போதெல்லாம் கதவைத் திறக்கும் முன் அவள் கூம்பைச் சுற்றி ஒரு நடை போய்வருகிறாள், வெளியே பார்த்தபடி.