நாற்பது வெள்ளைச் சட்டைகளும் ஒரு வெல்ல யானையும்

அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ளூர்க் கலையைச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போகிறவர்கள், அடுத்த காம்பவுண்டில் மிருகக்காட்சிசாலை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்காமல் சேர்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. நாகர்கோவிலில் பிறந்து, கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த எனக்கு அந்த ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. பின்னறையில் உட்கார்ந்து பழம்பொருட்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுத வேண்டும். இரண்டு வருஷம் எழுதிவிட்டு, பள்ளிக்கூடங்களை அழைத்து நானே சுற்றிக்காட்டுகிறேன் என்று சூப்பிரண்டிடம் கெஞ்சினேன். மூன்று பள்ளிகளை வைத்துப் பார்க்கலாம் என்றார். எழுத்தில் ஒரே ஒரு புகார் வந்தாலும் திரும்பப் பின்னறைதான் என்றும் சொல்லிவைத்தார். பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்த் தலையை எண்ணி எண்ணிக் களைத்த ஆசிரியர்களே, அது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புலிக்கு அடுத்த இடம்

முதலில் வந்தவர்கள் வலியசாலைப் பக்கத்துப் பள்ளிச் சிறுமிகள். அவர்களுடைய டீச்சர் நேரே புலிக்கூண்டுக்குக் கூட்டிப் போய்விட்டு, அப்புறம்தான் என்னிடம் ஒப்படைத்தார். பாயசம் குடித்தவர்களுக்குக் கஷாயம் கொடுக்கும் நிலைமை எனக்கு.

இருந்தாலும் விடவில்லை. ஆடும் சிலை ஒன்றின் தூக்கிய காலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். முன்வரிசையில் ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியாவது மாட்டினாளே என்று எனக்குப் பெருமை. இது எப்போது ஆடும் என்று கேட்டாள். ஆடாதம்மா, வெண்கலம் என்றேன். என் முகம் வாடியது தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊரில் உத்தியோகம் பார்க்கும் பெண்ணும் ‘சார்’தான், ‘பரவாயில்லை’ என்றால் ‘சாரமில்ல’தான். அவள் என்னைத் தேற்றினாள்: “சாரமில்ல சாரே, புலியும் அசையவே இல்ல.”

சட்டையில்லாத வகுப்பு

அடுத்தது கரமனைப் பக்கத்துப் பையன்கள், நாற்பது பேர். இந்தத் தடவை புலிக்கு முன்னாலேயே மடக்கிவிட்டேன். வெண்கலக் கூடத்தின் வாசலில் நிறுத்தி, “உள்ளே விக்கிரகங்கள் இருக்கின்றன, மரியாதையாக வர வேண்டும்” என்றேன். அது என் தப்பு. அந்த ஊர்க் கோயில்களில் ஆண்கள் சட்டையோடு சன்னிதிக்குள் போவதில்லை. நான் என் குறிப்புச் சீட்டுகளை எடுக்கத் திரும்பிய நேரத்தில் நாற்பது வெள்ளைச் சட்டைகளும் வாசல் பெஞ்சில் குவிந்துவிட்டன.

வெற்று மார்போடு அவர்கள் அவ்வளவு அமைதியாக நின்றதால் நானும் அப்படியே விட்டுவிட்டேன். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அது இருந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றும் கதையைச் சொன்னேன். ஒருவன்கூட இருமவில்லை. சரியாக அப்போது டெல்லியிலிருந்து வந்த மேலதிகாரி ஒருவரோடு சூப்பிரண்டு உள்ளே நுழைந்தார். டெல்லிக்காரர் நாற்பது வெறும் முதுகுகளையும் பார்த்தார். இதுதான் இங்கே வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, தம் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். சூப்பிரண்டின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கூடத்துக் காவலாளி சுகுமாரன் அண்ணன் மட்டும் என் காதருகே வந்து கேட்டார்: “சாரே, ஷூவும் கழற்றச் சொல்லட்டா?”

கரமனை அம்மாள்

பஸ் ஹாரன் அடித்ததும் ஆளுக்கொரு சட்டையை அள்ளி மாட்டிக்கொண்டு ஓடினார்கள். எல்லாமே ஒரே மாதிரிச் சட்டை. அடுத்த வாரம் கரமனை அக்கிரகாரத்திலிருந்து ஓர் அம்மாள் பையோடு வந்து, சூப்பிரண்டு அறை எங்கே என்று கேட்டார். கையில் மடித்த காகிதம். எழுத்தில் புகார்! நானே வழிமறித்து, என்ன விஷயம் என்று கேட்டேன்.

மகனுக்கு மாறி வந்து சேர்ந்த சட்டை கக்கத்தில் கிழிந்திருந்தது என்பது முதல் புகார். கரண்டு போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் அவன் உருக்கிவிட்டான் என்பது இரண்டாவது. அதை என்ன செய்தான் என்று மெல்லக் கேட்டேன். அம்மாள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு யானை. மெழுகில் செய்து, களிமண் பூசி, மெழுகை ஓடவிட்டு, வெண்கலத்துக்குப் பதில் வெல்லப்பாகு ஊற்றியிருக்கிறான். தும்பிக்கை இருந்தது, வால் இருந்தது, கால் மூன்று இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புகார் கொடுக்க வந்தவர் அந்த யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்: “பாகு பதம் சரியாத்தான் இருந்தது, நானாக்கும் எறக்கினேன். பின்னே எப்படி ஒரு கால் மட்டும் வரலை?”

ஒவ்வொரு பாதத்திலும் காற்றுப் போக ஒரு துளை விட வேண்டும் என்று, அவர் கையிலிருந்த புகார்க் காகிதத்தின் பின்பக்கத்திலேயே படம் போட்டுக் காட்டினேன். அதைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கரமனை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். மூன்றாவது பள்ளி வந்தது, முப்பதாவது பள்ளியும் வந்தது.

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ், சூப்பிரண்டு கைக்குப் போய்ச் சேராத அந்தப் புகார்தான்.