ஜெயித்தவர் பக்கம் விழுந்த ஒரு ஓட்டு

எங்கள் தோட்டத்தில் புகைவீடு எரிந்த வருசம் அது. ரப்பர்த் துண்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற அந்தப் பெரிய பலகைக் கட்டடம் ஒரு மத்தியானத்தில் எரிந்து போக, கருகிய ரப்பர்ப் பால் வாடை ஒரு மாதத்துக்கு மேல் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தை விட்டுப் போகவில்லை. சோற்றில் இருந்தது, தலையணையில் இருந்தது, கோயிலில் கொடுத்த விபூதியில்கூட இருந்தது. எந்த வருசம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன் நான். அந்த வாடை போவதற்குள் எலெக்சன் வந்தது, எனக்கு அப்போது ஏழு வயது, அவ்வளவுதான் தெரியும்.

ஈப்போவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி இருந்தது தோட்டம். ஓரத்தில் ஓடிய ஆற்றின் பெயரையே சட்டமன்றத் தொகுதிக்கும் வைத்திருந்தார்கள். அந்த ஆற்றில் கெளுத்தி பிடித்த கதை வேறு இருக்கிறது, அதை விடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரே ஓட்டு. அப்பா தோட்டத்திலேயே பிறந்தவர், பிறந்த பத்திரமான "சூரா" கையில் இருந்ததால் நீல ஐசி, குடியுரிமை உள்ளவர்களுக்கான அடையாள அட்டை. அம்மா இரண்டு வயதில் கப்பலில் வந்தவள், ஒரு காகிதமும் கிடையாது, அதனால் சிவப்பு ஐசி. சிவப்புக்கு ஓட்டு இல்லை.

இரண்டு பேர் நின்றார்கள். ஏற்கெனவே ஜெயித்துச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த "ஒய்பி" தோட்டத்து மேஸ்திரியான தண்டலோடு காரில் வந்து, வாசலில் நின்றபடியே, "இந்த வூட்டுல நீலம் எத்தன?" என்று கேட்டார். ஒன்றுதான் என்று அம்மா சொன்னதும், "அடுத்த எலெக்சனுக்குள்ள ஒனக்கும் வாங்கித் தாரேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டார். போன எலெக்சனிலும் இதையேதான் சொன்னாராம். மற்றவர் சைக்கிளில் வந்தார். கவிழ்த்துப் போட்ட பால் வாளியில் உட்கார்ந்து, அம்மாவுக்கு நீல ஐசி கேட்டு ஒரு விண்ணப்பப் பாரத்தைத் தன் கையாலேயே எழுதினார். "ஒங்க பேரு என்னாக்கா?" என்று கேட்டபோது அம்மா கொஞ்சம் திகைத்துப் போனாள். காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில்கூட அவள் "மாணிக்கம் பொஞ்சாதி"தான். "பாக்கியம்" என்றாள், கதவைப் பார்த்துக்கொண்டு.

அவர் போனதும் அப்பாவிடம் கேட்டாள். "ஏங்க, அந்த ஒரு ஓட்ட எனக்குக் குடுத்துருங்க. சைக்கிள்காரருக்குப் போடுங்க."

"ஓட்டு என்னா வெத்தலையா, மடிச்சுக் குடுக்க?"

"வெத்தல நான் தெனமும் மடிச்சுத் தரேன்ல? ஒரு நாளு நீங்க குடுங்க."

அப்பா சிரித்துவிட்டார். "சரி, ஒன் ஓட்டுத்தான்லா. போ."

மறுநாள் பெரட்டில் தண்டல் சொன்னதை அப்பா வீட்டில் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பேச்சில் நான் கேட்டேன். "நம்ம தோட்டத்துப் பெட்டிய தனியா எண்ணுவாங்க. மாத்தி வுழுந்துச்சுன்னா எந்த வூடு காலியாவும்னு ஆபீசுல கணக்கு எழுதுற பெரிய கிராணிக்குத் தெரியும்."

தமிழ்ப் பள்ளியில்தான் ஓட்டுப் பெட்டி. அம்மா கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு, மற்ற சிவப்பு ஐசிப் பெண்களோடு வேலிக்கு வெளியே நின்றாள். "என்னா பாக்கியம், இம்புட்டு ஜோடன? ஒன்ன உள்ள வுட்ருவாங்களா?" என்று ஒருத்தி சீண்டினாள். "நான் போகலக்கா, என் ஓட்டு போவுது" என்றாள் அம்மா.

அப்பா என் கையை விடாமல் உள்ளே போனார், யாரும் தடுக்கவில்லை. பலகைத் தடுப்புக்குப் பின்னால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பால் வெட்டும்போது ஒரு தடவைகூட மரத்தில் காயம் படாத கை அது. பிறகு ஒய்பியின் சின்னத்துக்கு நேரே போட்டார். நான் பார்த்துவிட்டதையும் பார்த்தார். என் விரல்களை வலிக்கிற மாதிரி அழுத்தினார்.

வெளியே வந்ததும் அம்மா அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். "எங்கடா போட்டாரு?"

"நீ சொன்ன எடத்துலதாம்மா."

கேட்டில் நின்ற சீனரிடம் எனக்குச் சிவப்புச் சீனிப்பாகு ஊற்றிய ஐஸ் உருண்டை வாங்கிக் கொடுத்தாள். அது என் கையிலேயே உருகிப் போனது.

சைக்கிள்காரர் தோற்றார். இரண்டு லயத்து ஜனம் அளவுக்குத்தான் வித்தியாசம் என்று பேசிக்கொண்டார்கள். தோற்ற பிறகும் நன்றி சொல்ல வந்த மனிதர் அவர் ஒருவர்தான். அம்மா அவரிடம், "எங்க வூட்டு ஓட்டு ஒங்களுக்குத்தாங்க" என்றாள். அப்பா வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அந்தப் பாரம் எங்கே போனதோ தெரியாது. தோட்டத்தை விற்றார்கள், ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், நாங்கள் ஈப்போ பக்கம் புந்தோங்குக்கு வந்தோம், நான் ஜெலாப்பாங்கில் ஒரு பேக்டரியில் மூட்டை தூக்கினேன், அப்பா செத்துப்போனார். ஒவ்வொரு எலெக்சனுக்கும் அம்மா அந்தக் கதையைச் சொல்லுவாள். ஒருமுறை எல்லைக் கோட்டை மாற்றி வரைந்தபோது எங்கள் தொகுதியை மூன்றாக வெட்டி மூன்று பக்கம் சேர்த்துவிட்டார்கள், ஆற்றின் பெயர் ஆற்றுக்கு மட்டும் மிஞ்சியது.

அதற்கும் பிறகு, எண்பது தாண்டிய வயதில், அம்மாவுக்கு நீல ஐசி வந்தது. "நம்ம தொகுதியில எப்படா எலெக்சன்?" என்று கேட்டாள். அந்தத் தொகுதியே இல்லை என்றேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இது எதுக்குடா?" மைலோ டின்னில் போட்டு மூடி வைத்தாள். அடுத்த எலெக்சனுக்கு அவள் இல்லை. போவதற்கு முந்தின வாரம், "போவட்டும்டா, ஒங்கப்பா கையால ஒரு தடவையாச்சும் போட்டேன்ல?" என்றாள். ஆமாம்மா என்றேன்.

போன மாதம் என் மகள் கைப்பேசியில் பழைய தொகுதிகளின் பட்டியலைத் தேடி எனக்கு வாசித்துக் காட்டினாள். எந்த வருசம், யார் ஜெயித்தார், யார் தோற்றார், யாருக்கு எத்தனை ஓட்டு, எல்லாம் இருக்கிறது. புகைவீடு இல்லை, லயம் இல்லை, பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, தொகுதியும் இல்லை. அந்த எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அதைத் திருத்தும் அளவுக்கு எனக்கு எழுதத் தெரியாது. இதையே நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். இதைப் படிக்கிறவர்கள் எங்காவது அந்தப் பட்டியலைப் பார்த்தால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்: ஜெயித்தவர் பக்கம் இருக்கிற ஓட்டில் ஒன்று பாக்கியத்தோடது, அது சைக்கிள்காரருக்குப் போக வேண்டியது.