பாத்துடா, பட்டன்!

புல்லில் முட்டி போட்டு, நாயின் கால்தடத்துக்கும் குறுக்குக் கம்புக்கும் நடுவே இஞ்சு டேப்பைப் பிடித்திருக்கிறார் எதிர்வீட்டு டெய்லர். காலை ஆறரை மணி. "நாலு விரக்கடை ஜாஸ்தியா கிட்ட வந்து எம்பிட்டான், அக்கா!" என்று மாடியில் துணி காயப்போடும் என்னிடம் கத்துகிறார். நான் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்காமலே சொல்வார். வாயை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கக்கூட அவரால் முடியாது.

நாயின் பெயர் பட்டன். கறுப்பு, குட்டைக் கால். ஒரு காது நிற்கும், ஒன்று மடியும். தடைதாண்டும் போட்டிக்கு அவனைத் தயார் செய்கிறார். இரண்டு பெயின்ட் டப்பாக்களின் மேல் ஒரு துடைப்பக் கட்டை. கால் பட்டால் விழுந்துவிடும்.

குதிப்பைப் பற்றியும் தையல் பேச்சுதான். "முன்னாடி ஃபிட்டிங் அருமை. பின்னாடிதான் இழுக்குது." அதாவது, முன்கால் அழகாகத் தாண்டும், பின்கால் தட்டும். எம்ப வேண்டிய இடம் நாய்க்குப் புரியட்டும் என்று, கம்புக்கு முன்னால் தரையில் இன்னொரு கட்டையைப் போட்டார். உயரத்தைக் குறைத்து, நாளுக்கு அரை இஞ்சாக ஏற்றினார். இத்தனை செய்தும், டப்!

"என் கைப்பை ஜிப்பு பிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. நாய்க்கு மட்டும் தினமும் அளவெடுக்குறாரு," என்றாள் ஜன்னலிலிருந்து அவர் மனைவி.

"உன் பை எங்கயும் குதிக்கப் போறதில்லையே!"

இந்தக் கூத்தெல்லாம் நாய்ப் பயிற்சியாளர் வந்து பட்டனின் பின்காலைத் தடவிப் பார்க்கும்வரைதான். "இப்ப தோல்தான் சிராய்ச்சிருக்கு. இப்படியே தட்டிக்கிட்டிருந்தா மூட்டு போயிடும். ஞாயித்துக்கிழமை போட்டியிலயும் கம்பு விழுந்துச்சுன்னா, குதிக்க விடுறத நிறுத்திடுங்க." கம்பைக் கண்டாலே வாலோடு சேர்த்து இடுப்பும் ஆடுகிற நாய் அது. அன்று முழுக்க அந்த வீட்டில் தையல் மெஷின் மட்டும்தான் பேசியது.

மறுநாள் நான் துணியைப் போட்டுவிட்டு நின்று பார்த்தேன். நாய் எம்புகிற அதே நொடியில் இவர், "பாத்துடா, பாத்து!" என்று கத்துகிறார். பட்டன் அந்தரத்தில் தலையைத் திருப்பி இவர் முகத்தைப் பார்க்கிறான். தலை திரும்பியதும் பின்கால் தொங்குகிறது. டப்!

"தம்பி, 'பாரு'ன்னு சொன்னா அவன் என்ன செய்யணும்?"

"என் மூஞ்சியப் பாக்கணும், அக்கா. பாத்தா பிஸ்கட்டு."

"அப்புறம் பறக்குறப்ப 'பாத்து'ன்னு கத்துனா? நீங்க பத்திரம்னு சொல்றீங்க, அவன் பிஸ்கட்டுன்னு திரும்புறான்!"

டெய்லர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னலில் ஒரே சிரிப்பு. "நாய் சொன்ன பேச்சக் கேக்குது. சொல்றவருக்குத்தான் பயிற்சி வேணும்!"

அன்றிலிருந்து பயிற்சி அவருக்குத்தான். சத்தம் போடாமல் ஓடினால் கம்பு நிற்கும். நாலு தடவை ஓடினால் ஒரு தடவை நாக்கு நழுவிவிடும். "தானா வந்துடுதுக்கா. யாராவது படியில கால வச்சாலே 'பாத்து'ன்னுதானே சொல்றோம்?" நியாயம்தான். பாசத்தை எப்படிப் பூட்டி வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். ஐந்து கம்புகள். உதட்டைக் கடித்துக்கொண்டு நாயோடு ஓடினார் டெய்லர். நான்கு தாண்டியாயிற்று. கடைசிக் கம்பு கொஞ்சம் உயரம். பட்டன் எம்பினான். டெய்லரின் வாய் "பா..." என்று திறந்தது. இடது கையால் தன் வாயிலேயே பளாரென்று ஒரு போடு போட்டு மூடினார்.

பட்டன் நேராகப் பார்த்தபடி அந்தப் பக்கம் இறங்கினான். கம்பு அசையவில்லை.

மனைவி விசிலடித்தாள். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே வந்து கை நீட்டினார். டெய்லர் கண் கலங்க வலது கையைக் கொடுத்தார். இடது கையை வாயிலிருந்து எடுக்கவேயில்லை.