நனையக்கூடாத டப்பா

எங்கள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில் உலர்த்தும் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவள் அக்கா. கூடப்பிறந்தவள் இல்லை, ஆனால் அந்தக் குறை எனக்குத் தெரிந்ததே இல்லை. மெஷினிலிருந்து வரும் படுக்கை விரிப்பை மடித்து, மடிப்புக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பாள். அவள் தலையாட்டினால்தான் அது என் இஸ்திரி மேஜைக்கு வரும். அவள் அனுப்பி ஈரமாக வந்த விரிப்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நெஞ்சில் தவிர வேறெங்கும் ஈரம் ஆகாது அவளுக்கு என்று சூப்பர்வைசர் கிண்டலடிப்பார்.

வேலையிடத்தில் அவளுக்கு டப்பாக்காரி என்று பெயர். ஜியோகேஷிங் என்ற விளையாட்டுதான் காரணம். ஒருவர் ஒரு டப்பாவை வெளியில் எங்காவது ஒளித்துவைத்து, இடத்தின் குறியை எல்லாரும் பார்க்கும்படி போனில் ஏற்றிவிடுவார். முன்பின் தெரியாதவர்கள் தேடிப்போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, ஒரு சின்னச் சாமானை எடுத்து இன்னொன்றை வைத்து, இருந்தபடியே மூடிவிட்டு வரவேண்டும். வேலைவெட்டி இல்லாதவர்கள் விளையாட்டு என்று நான் முதலில் சிரித்தேன். பிறகு அவளோடு ஒருநாள் போய், புதருக்குள் ஒரு டப்பா கிடைத்ததும் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்திவிட்டேன்.

இந்த விளையாட்டுக்கு எதிரி திருடன் இல்லை, தண்ணீர். தாள் கூழாகும், சாவிக்கொத்து துருப்பிடிக்கும், டப்பாவைத் திறந்தாலே பூஞ்சை நாற்றம் அடிக்கும். அக்கா இதில் எமகாதகி. நாலு பக்கமும் கொக்கி போட்ட டப்பாதான் வாங்குவாள். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி கிடந்தால்கூட அந்த வழியே ஈரம் ஏறிவிடும் என்று துடைத்துத் துடைத்து மூடுவாள். மழைநாளில் மூடவே மாட்டாள், ஈரக்காற்றையும் சேர்த்துப் பூட்டினால் உள்ளேயே வேர்க்கும் என்பாள். செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை எங்கள் எல்லாரிடமும் கேட்டு வாங்கிச் சேர்த்திருந்தாள். பொட்டலத்துக்குப் பதில் அரிசி போடலாமே என்று நான் கேட்டதற்கு, "எறும்புக்குச் சோறு போடவா?" என்றாள்.

ஏரியைச் சுற்றி ஒரு புதுப் பாதை அமைத்தது, அக்காவும் சேர்ந்திருந்த ஜியோகேஷிங் குழு. வழிநெடுக டப்பாக்கள். கடைசி டப்பா, எல்லாரும் முடிக்கிற இடத்து டப்பா, அக்காவுடையது என்று குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. இந்த மழைக்காலம் முழுக்க டப்பாவை அதன் இடத்தில் வைத்து, வாரம் ஒருமுறை திறந்து படமெடுத்து அனுப்ப வேண்டும். உள்ளே நனைந்தால் அந்த இடம் வேறொருவருக்கு. இதற்குமுன் யாரும் அவளை எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. என்னிடம் அதையே மூன்று தடவை சொன்னாள்.

பாதையின் திறப்பு நாள்வரை மறைவிடத்தை யாருக்கும் சொல்லக்கூடாது, மருந்துக்கடைக்காரருக்கும்கூட. அக்கா என்னிடமே சொல்லவில்லை. மாமாவுக்கு மட்டும் தெரியும். மாமா என்றால் அவள் புருஷன், டயர் கடையில் வேலை. டப்பாவை வைக்கப் போனபோது வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடப் போனவர் அவர்தான். அவ்வளவு நல்ல மனுஷன் என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

முதல் வாரமே டப்பா நனைந்துவிட்டது. அக்கா ரப்பர் வளையத்தை மாற்றினாள். மறுபடி நனைந்தது. டப்பாவையே மாற்றினாள். சலவைக்கூடத் தொட்டியில் புது டப்பாவை அழுத்திப் பிடித்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க நின்றாள். உள்ளே வைத்த காகிதம் மொறுமொறுவென்று அப்படியே இருந்தது. ஏரிக்கரைக்குப் போனால் திரும்பவும் ஈரம். நனைந்த படத்தையும் ஒளிக்காமல் அனுப்புவாள், பைத்தியக்காரி.

"விடும்மா, உனக்கு வரலைன்னா விட்டுடு. ஒரு டப்பாவுக்கா இவ்வளவு?" என்று மாமா ஒவ்வொரு முறையும் தட்டிக்கொடுத்தாராம்.

அவளுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. காய்ந்த விரிப்புகளைத் திரும்ப மெஷினில் போட ஆரம்பித்தாள். என் மேஜை காலியாகக் கிடக்கும், மேல்தளத்திலிருந்து விரிப்பு கேட்டு ஆள்மேல் ஆள் வருவார்கள். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார். அக்கா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மழை ஓய்ந்தது. நனைந்த படத்தையும் ஒளிக்காமல் அனுப்பினாளே என்று மருந்துக்கடைக்காரர் இடத்தைப் பறிக்காமல் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். நல்ல வெயிலில், உச்சிப்பொழுதில் அக்கா டப்பாவை மூடி வைத்தாள். அதன்பிறகு ஒரு பொட்டு மழை இல்லை. ஏரிக்கரை மண்கூடக் காய்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மாமா கடையில் சரக்கு வருகிறது என்று போய்விட்டதால், என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். ஏரிக்கரையில் பழைய பம்ப் ஹவுஸ் சுவரில் ஒரு கல்லை நகர்த்தி டப்பாவை எடுத்தாள். எடுக்கும்போதே உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் எனக்கும் கேட்டது. கொக்கி நாலும் கச்சிதமாகப் போட்டிருந்தது. திறந்தால் விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர், அதில் பென்சில் மிதந்தது.

"யாரோ விஷமம் பண்ணியிருக்காங்கக்கா," என்றேன்.

"யாரோவா?" அவள் வறண்ட மண்ணைப் பார்த்தாள். "இந்த இடம் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். மூணாவது ஆள் இன்னைக்குத்தான், நீ."

கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

நேரே வீட்டுக்குப் போனோம். மாமா அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா டப்பாவைத் தண்ணீரோடு சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"எல்லாத் தடவையும் நீங்கதானா?"

மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "வாரத்துல ஒரு நாள்தான் லீவு. அதுலயும் நீ அங்க ஓடிடுறே. வரலைன்னு தெரிஞ்சா நீயே விட்டுடுவேன்னு நெனச்சேன்."

"வீட்ல இருடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ கேப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன்," என்றாள் அக்கா. "சண்டை போட்டிருப்பேன். அது பரவாயில்லை. வேலை மறந்துபோச்சு, கை கெட்டுப்போச்சுன்னு நான் உங்க தோள்ல சாஞ்சு அழுதேனே, அப்பக்கூடவா உங்களுக்கு வாய் வரல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தண்ணீரை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அக்கா அழவில்லை. டப்பாவைக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்தாள்.

நடந்ததை நானே மருந்துக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் அவளுடைய இடத்தை அவளுக்கே விட்டுவைத்தார். அக்கா தனியாகப் போய் வேறொரு மறைவில் டப்பாவை வைத்தாள். இடையில் ஒருநாள் பெருமழை கொட்டியும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. திறப்பு நாளன்று காலையில் இடத்தைப் போனில் ஏற்றினாள்.

அன்று அவளை அழைத்துப்போக வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மாமா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எங்க வெச்சிருக்கே?" என்று கேட்டார், மெதுவாக.

"போன்ல போட்டிருக்கேன்," என்றாள் அக்கா. "எல்லாரையும் மாதிரி நீங்களும் பாத்துக்கோங்க."